பழைய வண்டியும் மலைப்பாதையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஜீப்பின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிழக்கு வெளுக்கு முன்னரே ஏலத்தோட்டத் தொழிலாளரைச் சுமந்துகொண்டு கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் வரிசையாய் ஏறுகின்ற ஜீப்புகளின் உறுமல், பஜ்ருடைய பாங்கோசையோடு கலந்தே எங்கள் செவிகளில் விழுந்து பழகியது. அரபு நாட்டாருக்கு ஒட்டகம் எவ்விதமோ அவ்விதமே எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்த வண்டி என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த வண்டியின் சரித்திரத்தில் நம்மவர் ஒருவரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பலர் அறியார். இந்தியாவில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம் 1945இல் இரும்பு வணிகத்துக்காகத் தோன்றியபோது அதன் பெயர் ‘மகேந்திரா அண்டு முகம்மது’ என்பதாம். பங்காளியாய் இருந்த குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948இல் இங்கே நிறுவனத்தின் பெயரும் மாறிற்று. இதை நான் சொன்னபோது என் சகோதரியின் மகன் நம்ப மறுத்தான். பிறகு தன் நண்பர்கள் அனைவரிடமும் போய்ச் சொன்னான்.

அந்த மருமகனைப் போன்ற இளைஞர்களிடையே இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த ஜீப்பையோ ஜிப்ஸியையோ வாங்கி, அதற்குப் பெருஞ்சக்கரம் பூட்டி, முகப்பில் இரும்புக் கிராதி வைத்து, தலைமேல் விளக்குகளை நிரப்பி, மலைக்கும் காட்டுக்கும் ஓட்டிச் செல்கின்ற மோகம் அது. மலையைப் பார்க்கும் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. பூமியில் சுற்றிப் பார்க்கும்படி ஏவப்பட்ட உம்மத் அல்லவா நாம்? ஆயினும், பழைய வண்டியை மலைக்கு ஏற்றதாக்குவது என்றால் எதையெதை அதன்மேல் ஏற்றுவது என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். அந்த வண்டியில் ஏறுகின்ற மிகவும் பலவீனமான மனிதர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று எண்ணுவோர் அரியர்.

எங்கள் வண்டியில் அத்தகைய மனிதர் என் தாயார். வயது எழுபத்தாறு. முதுகெலும்பில் தேய்மானம். அவருடைய அத்தா, அதாவது எங்கள் நன்னா, மேகமலையில் மணலாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். 1961இல் அந்தக் கடையை மூடிவிட்டு உத்தமபாளையத்துக்கு இறங்கியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அதன்பின் அவர் அந்த மலையை ஏறியதே இல்லை. வீட்டு மாடியில் நின்றால் முகில் போர்த்திய அதன் முகடு தெரியும். “தம்பி, கண்ணு தெரியுறப்பவே ஒரு தடவை பார்த்துடணும்” என்று அவர் சொல்லத் தொடங்கி ஆண்டுகள் சில ஆயின. சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் வரை தார்ச்சாலை உண்டு. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் நாங்கள் போக வேண்டியிருந்த பாதை கல்லும் குழியும் சேறுமானது. வாடகை ஜீப்பின் பின்பலகையில் அமர்ந்து அம்மாவால் அந்தப் பாதையைக் கடக்க இயலாது.

எங்களிடம் இருந்தது ஓர் எஸ்டேட்டில் உழைத்து வந்த 2008ஆம் ஆண்டு ஜிப்ஸி. 1985இல் நம் நாட்டுச் சாலைக்கு வந்து, 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன வண்டி இனம் அது. 1298 சிசி பெட்ரோல் எஞ்சின்; எடை ஏறக்குறைய ஒரு டன். இந்த எடைக் குறைவே அதன் பெருமை. கனத்த டீசல் வண்டி புதைந்து நிற்கும் ஈர மண்ணில் இது பூனையைப் போல நடந்துவிடும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைச் செலுத்தும் கியரும், மெதுவான நடைக்கான ‘லோ’ கியரும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. எனவே மலைக்கான ஆற்றல் அதற்குப் பிறவியிலேயே உண்டு. காலம் அந்த ஆற்றலில் எதைத் தின்றுவிட்டது என்பதே கேள்வி.

கம்பத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். மலையேறும் ஜீப்புகளின் வயிற்றுக்கடியிலேயே நாற்பதாண்டுகளைக் கழித்தவர். மருமகன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்த பட்டியலை அவரிடம் நீட்டினான். பெரிய டயர், முன்கிராதி, கூரை விளக்கு, எஞ்சினுக்கு உயர்ந்த மூச்சுக்குழாய், இரண்டங்குலம் தூக்கிய ஸ்பிரிங் என்று நீண்டது அது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பாய், மொதல்ல ஜாக்கியப் போடுவோம்” என்றார்.

முன்சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், அதன் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டினார். ‘டக் டக்’ என்றது. “அண்ணே, இது என்ன?” என்றேன். “கிங் பின் பேரிங்.” சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு ஆதாரமான இந்தப் பேரிங்குகள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு உள்ளன. இவை தேய்ந்தால் ஓரளவு வேகத்தில் ஒரு குழியில் இறங்கியேறியதும் ஸ்டியரிங் கைக்கடங்காமல் நடுங்கத் தொடங்கும். பெரிய டயர் பூட்டினால் அந்த நடுக்கம் இன்னும் பெருகும். தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு கனத்த செருப்பை மாட்டிக்கொண்டவன் நிலைமைதான்! பேரிங்குகள் நான்கும் மாறின. ஸ்டியரிங் முனைகளும், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் மாறின. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வெடிப்புக் கண்டிருந்த தண்ணீர்க் குழாய்களும் விசிறி பெல்ட்டும் புதிதாயின.

பிரேக்கைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். சமவெளியில் இது தெரியாது. பதினெட்டு வளைவுகளைக் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவனுக்கு, பாதி மலையில் ஆயில் கொதித்து ஆவியாகி, மிதிக்கும் பெடல் பஞ்சாய் உள்ளே போய்விடும். எங்கள் வண்டியில் இருந்த ஆயில் கறுப்புக் காப்பி நிறத்தில் வெளியேறிற்று. இரண்டாண்டுக்கொரு முறை இதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு கூரை விளக்கின் விலையில் சிறு பங்கு. விளக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆயில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ரியா என்னும் நோய் அமலில் மட்டுமன்று, வண்டிப் பட்டறையிலும் உண்டு.

அடுத்தது டயர். மருமகன் கேட்டது 215/75 அளவு. கம்பெனி அளவு 205/70. இரண்டுக்கும் விளிம்பு 15 அங்குலமே. கணக்குப் போட்டுப் பார்த்தோம். கம்பெனி டயரின் முழு விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். அவன் கேட்டது சுமார் 703. விட்டம் 35 மில்லிமீட்டர் கூடினாலும், வண்டியின் அடிப்பகுதி உயர்வது அதில் பாதிதான். ஒரு விரல் அகலம்! அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் அதிகத் தொலைவு இழுக்க வேண்டும். சிறிய எஞ்சினின் இழுவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விடும். வேகமானி 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும். ஆகவே கம்பெனி அளவிலேயே, கல்லையும் சேற்றையும் பற்றக்கூடிய ஆழ்ந்த வெட்டுகளுள்ள, பக்கச்சுவர் தடித்த டயர்கள் நான்கும், ஸ்டெப்னிக்கு ஒன்றுமாக ஐந்து வாங்கினோம். ஸ்டெப்னியை மட்டும் பழையதாக விடுகிறவர்கள் உண்டு. மலையில் பஞ்சராகும் நாளில்தான் அது எவ்வளவு பழையது என்பது அவர்களுக்கு நினைவு வரும்.

டயரைவிட முக்கியமானது அதற்குள்ளிருக்கும் காற்று. தாரில் 26 பவுண்டு வைத்து ஓட்டும் நாங்கள், கல்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி 18க்கு இறக்குகிறோம். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் ஏறிக் குதிக்காமல், கல்லைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு உருள்கிறது. தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது, வழுக்கல் குறைகிறது, கூரிய கல் குத்திக் கிழிக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் அதே காற்றோடு தாரில் வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கெடும். எனவே இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற, பாட்டரியில் மாட்டி இயக்கும் சிறு கம்ப்ரஸர் ஒன்றும், காற்றளவு பார்க்கும் மானியும் கட்டாயம் வேண்டும். வாங்கியவற்றுள் பணத்துக்கு மிகுந்த பலன் தந்தவை இவ்விரண்டுந்தாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி ஸ்பிரிங். முன்னும் பின்னும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குடைய வண்டி இது. சுமை தாங்குவதற்காக அமைந்த இந்த அடுக்கு, இருவர் மூவர் மட்டும் ஏறினால் துள்ளும். அதை இன்னும் தூக்க வேண்டும் என்பது மருமகனின் கட்சி. மெக்கானிக் பட்டைகளைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றின் இடையிலும் துரு படிந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைய வேண்டிய பட்டைகள் ஒரே கட்டையாய் இறுகிக் கிடந்தன. துருவைச் சுரண்டி, கிராபைட் கலந்த கிரீஸ் தடவி மீண்டும் அடுக்கி, மென்மையான புதிய ஷாக் அப்சார்பர்களைப் பூட்டினார்கள். உயரம் ஓர் அங்குலமும் கூடவில்லை, நடை மாறிவிட்டது. முன்னிருக்கைக்குப் போடியிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி வந்து இடுப்புக்கும் முதுகுக்கும் தனித்தனியே திண்டு தைத்தோம்.

சோதனைக்கு என்ன செய்வது? அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி, முல்லைப் பெரியாற்றங்கரை மண்பாதையில் ஓட்டினேன். புறப்படும்போது கையில் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் “எப்படிம்மா?” என்றேன். “எண்ணிக்கை ஒரு எடத்துலகூட தவறல” என்றார். பட்டறைகளில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. இதைவிடச் சரியான மானி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

முன்கிராதி, கூரை விளக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றை விலக்கியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. முன்கிராதியைச் சேஸிஸிலேயே இறுக்கிவிடுவதால், மோதும்போது உடல் தகடு நசுங்கி ஏற்க வேண்டிய அதிர்ச்சி நேராக உள்ளே இருப்பவர்களிடம் போகிறது. குறுக்கே வந்தவர் மனிதரானால் அவர் கதி இன்னும் மோசம். 2017 டிசம்பரில் மத்திய அரசே இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிற்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூச்சுக்குழாய் கழுத்தளவு வெள்ளத்தைக் கடப்போருக்கு உரியது. நாங்கள் கடக்கும் ஓடைகள் கணுக்காலை நனைப்பதோடு சரி. கூரைமேல் சுமை ஏற்றுவதும் கூடாது என்றார் மெக்கானிக். அகலம் ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும் வண்டி, உயரமோ அதைவிட மிகுதி; தலைச்சுமை கூடினால் சரிவில் சாய்ந்துவிடும்.

இன்னொன்றையும் இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் வண்டி விடுவது வீரமன்று, குற்றம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அமைந்துவிட்டது. அங்கே யானையும் காட்டுமாடும் வீட்டுக்காரர்கள். நாம் ஸலாம் சொல்லி அனுமதி பெற்று நுழைய வேண்டிய விருந்தாளிகள். ஆதலால் நம்மைப் போன்ற குடும்பத்தாருக்கு இந்தப் பயணம் பாதையில்லா இடத்தில் ஓட்டுவதன்று, கெட்ட பாதையில் ஓட்டுவதேயாகும். வண்டியை ஆயத்தப்படுத்துவதும் அந்த அளவோடு நிற்க வேண்டும். அதற்கு மேற்பட்டது இஸ்ராஃப்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். புதைந்த வண்டியை இழுக்க, நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு ஒன்றும், ஷேக்கிள் இரண்டும் வைத்திருக்கிறோம். இவற்றைச் சேஸிஸில் இறுக்கிய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் பூட்டும் உருண்டையில் மாட்டினால், இழுவிசையில் அது முறிந்து பீரங்கிக் குண்டாய்ப் பறக்கும்; இவ்விதம் வெளிநாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனத்த போர்வை ஒன்றைப் போட்டு, பிள்ளைகளைத் தொலைவில் நிறுத்த வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக்கூடாது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். எதில் கட்டுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சுமையில் எங்களுக்குத் தவிர்க்க முடியாதது தண்ணீர். உத்தமபாளையத்திலிருந்து மணலாறு, ஸபருக்கு நாங்கள் கணக்கிடும் 48 மைலை எட்டாது. எனவே கஸ்ர் இல்லை. ஹனபி மத்ஹபினராகையால் இரு வக்துகளைச் சேர்த்துத் தொழுவதும் இல்லை. ளுஹரும் அஸரும் அதனதன் நேரத்தில் முழுமையாகத் தொழ வேண்டும். ஒளூவுக்கும் குடிப்பதற்கும் 20 லிட்டர் கேன் இரண்டு, நாற்பது கிலோ. அவற்றைப் பின் இருக்கைகளின் இடையே தரையோடு தரையாகப் பட்டை போட்டு இறுக்கினோம். கட்டாமல் விட்டால் வளைவில் அந்த நாற்பது கிலோவும் உருண்டு வந்து பிள்ளைகளின் காலைப் பதம் பார்க்கும்.

கடந்த ஜனவரியில் ஒருநாள் பஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவில், இதை வசப்படுத்தும் வல்லமை நமக்கில்லை என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது. பட்டறையில் ஒரு மாதம் செலவழித்த பிறகு ஓதும்போது அதன் பொருள் எனக்கு மேலும் நெருங்கிற்று. தென்பழனிச் சோதனைச் சாவடியில் பெயரெழுதிவிட்டு வளைவுகளில் ஏறினோம். ஹைவேவிஸ் தாண்டியதும் காற்றை இறக்கி, நான்கு சக்கர இழுவையைப் பூட்டி, லோ கியரில் மனிதர் நடக்கும் வேகத்தில் வண்டியை விட்டேன். காய்ந்த தாரில் இந்த இழுவையைப் பூட்டவே கூடாது. முன்னும் பின்னும் உள்ள சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு தொலைவு உருள வேண்டியிருக்க, அதற்கு இடங்கொடுக்காத அமைப்பு கியர்ப்பெட்டியை முறுக்கிவிடும். ஈரமண்ணிலும் சரளையிலும் சக்கரங்கள் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்கின்றன.

வழியில் காய்கறி ஏற்றிய வண்டி ஒன்று சேற்றில் அச்சுவரை இறங்கி நின்றது. மருமகன் குதித்தோடிக் கொக்கியைத் தேடினான், உருண்டையைத் தொடவில்லை. போர்வையைத் தானே எடுத்துப் போட்டான். எங்கள் ஒரு டன் வண்டி அந்தக் கனத்த வண்டியை இரண்டே மூச்சில் வெளியே கொண்டுவந்தது. அந்த ஓட்டுநர் கொடுத்த முட்டைக்கோசுகளை மறுத்தால் வருத்தப்படுவார் என்று அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நன்னாவின் கடை இல்லை. அந்த இடத்தில் தேயிலைச் செடிகளே நின்றன. ஆனால் பாதையோரம் மூன்று கற்படிகள் புல்லுக்கிடையே தென்பட்டன. அம்மா இறங்கி, மருமகன் தோளைப் பற்றியபடி அவற்றைக் கிட்டப்போய்ப் பார்த்தார். “இதுலதான் எங்கத்தா மண்ணெண்ணெய் டின்ன வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க” என்று நடுப்படியைக் காட்டினார். அதன்மேலேயே முஸல்லாவை விரிக்கச் சொல்லி அமர்ந்து, ளுஹரைத் தொழுதார். நாங்கள் சற்றுத் தள்ளிப் புல்லில் ஜமாஅத்தாக நின்றோம். அட்டைகள் எங்களை விட்டுவைக்கவில்லை. மருமகன் இரண்டாம் ரக்அத்திலேயே நெளியத் தொடங்கிவிட்டான்.

இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்பதால் அதிக நேரம் தங்கவில்லை. தார் தொடங்கிய இடத்தில் கம்ப்ரஸரை மாட்டி நான்கு சக்கரத்துக்கும் காற்றேற்ற இருபது நிமிடம் ஆயிற்று. அங்கேயே அஸரையும் தொழுதுகொண்டோம். வளைவுகளை இரண்டாம் கியரின் பிடியிலேயே இறங்கினேன். பிரேக்கை வேண்டிய இடத்தில் மட்டும் மிதித்தேன். பெடல் காலையில் இருந்த உறுதியோடேயே இருந்தது. மஃரிபுக்கு வீட்டில் இருந்தோம்.

இப்போது வண்டி மறுபடியும் கம்பத்தில் நிற்கிறது. பின்னால் குறுக்காக அமைந்த பலகை இருக்கைகளில் பிள்ளைகளை வார்பட்டையின்றி உட்கார வைப்பது என் மனைவிக்குச் சம்மதமில்லை. அவர் சொல்வது சரி. முன்னோக்கி அமரும் இருக்கையும் பட்டையும் சட்டப்படி அனுமதி பெற்றுப் பொருத்த வழியுண்டா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை பிள்ளைகளுக்கு மலை இல்லை. மருமகனின் பட்டியல் மெக்கானிக்கின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அவன் இன்னும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.